அடுப்படி வாசலுக்கு ஒரு டிவி

சாயப்பட்டறையில அவங்க சொந்தப் பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல. "ரிஜெக்ட் அக்கா"ன்னு கேட்டாத்தான் கை காட்டுவாங்க. சாயம் ஏறி வர்ற துணியைக் கலர் பார்த்து பாஸ் போடுற வேலை, இருபத்தாறு வருஷமா. துணியை முதல்ல நேரா பிடிப்பாங்க, அப்புறம் சாய்ப்பாங்க, கடைசியா ஜன்னலோரம் கொண்டு போவாங்க. நேரா பார்த்தா எல்லாத் துணியும் யோக்கியமாத்தான் இருக்கும். சாய்ச்சாத்தான் வண்டவாளம் வெளிய வரும்.

ஒருதரம் மேனேஜரே வந்து, "லாரி நிக்குது, பாஸ் போடும்மா"ன்னு குதிச்சார்.

"நிக்கட்டும் சார், லாரிக்கு என்ன கால் வலிக்கவா போகுது?"ன்னு சொல்லிட்டு அக்கா டீ குடிக்கப் போயிட்டாங்க. அத்தனை துணியும் திரும்ப சாயத்தொட்டிக்குப் போச்சு.

வெளிய அவ்வளவு அதிகாரம். வீட்டுல? டிவிக்கு நேரா சோபா, சோபா நிறைய வீட்டுக்காரர். லாரி ஓட்டி ஓய்வு வாங்கினவர். அக்கா பார்க்கிறது பக்கவாட்டுல இருக்கிற அடுப்படி வாசல்ல நின்னு, கையில கரண்டியோட. அங்கிருந்து பார்த்தா பழைய டிவியில சிவப்புச் சட்டை வெளுத்த ரோஸ் ஆயிடும், மனுஷங்க மூஞ்சி எல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கும். டிவி செய்யறவன் சோபாவை மனசுல வச்சுத்தான் செய்யறான். நின்னுக்கிட்டே பார்க்கிறவங்களை எவனும் நினைக்கிறதில்ல.

அந்த டிவி ஒரு நாள் புகைஞ்சு அடங்குச்சு. வீட்டுக்காரர் இடி விழுந்த மாதிரி உக்காந்துட்டார். அக்காவுக்கு உள்ளுக்குள்ள கொண்டாட்டம். வாசலுக்குத் தெரியற டிவியா இப்ப வாங்கணும். விட்டா இன்னும் பத்து வருஷத்துக்கு மாவு மூஞ்சிதான்.

கடையில முதல் டிவியிலயே வீட்டுக்காரர் வாயைப் பிளந்துட்டார்.

"இது க்யூஎல்இடி சார். வெயிலே உள்ள வந்தாலும் மங்காது"ன்னார் கடைக்காரர்.

"இதையே கட்டிடுங்க!"

அக்காவைக் காணோம். தேடினா, ஃப்ரிட்ஜ் வரிசை ஓரமா சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

"மேடம், அங்கிருந்து சரியா தெரியாது. நேரா வந்து பாருங்க."

"நான் நேரா வந்துட்டா அடுப்பை நீங்க பார்ப்பீங்களாண்ணே?"

கடையில நின்னவங்க சிரிச்சுட்டாங்க. "சிவப்பு ரோஸாகுது. ரிஜெக்ட்!"

அடுத்தது ஓஎல்இடி. "இதுல ஒவ்வொரு புள்ளியும் தானே வெளிச்சம் விடும் மேடம். எந்தப் பக்கம் நின்னாலும் கலர் மாறாது. கறுப்புன்னா அட்டக் கறுப்பு."

சுவரோரமிருந்து பார்த்தாங்க. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. ஆனா இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா? "இதுக்கு என்ன நோய் வரும்? ஒளிக்காம சொல்லுங்க."

கடைக்காரர் இருமினார். "ஒரே படம் மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னா லேசா தழும்பு விழலாம்..."

அக்கா மெதுவா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாங்க. காலையில போட்டா ராத்திரி வரைக்கும் ஒரே செய்தி சேனல். அதோட முத்திரை மூலையில ஆடாம அசையாம உக்காந்திருக்கும், அவரைப் போலவே.

"ஏங்க, சேனலை மாத்துவீங்களா?"

"நாட்டு நடப்பு தெரிய வேணாமா?"

"அப்போ இதுவும் ரிஜெக்ட்." மனசு கேக்காமத்தான் சொன்னாங்க.

மூலையில தூசியோட ஒண்ணு இருந்துச்சு. "அது சாதா எல்இடிதான். ஐபிஎஸ் பேனல். சாய்வா பார்த்தாலும் கலர் அவ்வளவா மாறாது, தழும்புத் தொல்லையும் இல்ல. இருட்டுல கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலடிக்கும்."

அக்கா சுவரோரம் நின்னாங்க, குனிஞ்சாங்க, இந்தப் பக்கம் வந்தாங்க. சிவப்பு சிவப்பாவே இருந்துச்சு.

"ராத்திரி லைட்டை அணைச்சுட்டு சினிமா பார்த்தா சாம்பலா தெரியுமே!"ன்னு வீட்டுக்காரர் இழுத்தார்.

"எட்டு மணிக்கு மேல உங்க குறட்டை மட்டும்தான் ஓடும். அதுக்கு எதுக்குக் கறுப்பு?"

"நான் சொல்றது எதையுமே வாங்கமாட்டியா?"

"ரிமோட் உங்ககிட்டதானே இருக்கப் போகுது." அட்டைப்பெட்டி மேல உள்ளங்கையால ஒரு தட்டு. "பாஸ்!"

அன்னைக்குச் சாயங்காலமே டிவியை மாட்டியாச்சு. வாசல்ல நின்ன அக்கா வெச்ச கண்ணு வாங்கல. எல்லா மூஞ்சியிலயும் ரத்தக்களை வந்திருந்துச்சு. பின்னால ஏதோ புகைஞ்சுது.

"ஏம்மா, கருகற வாசனை வருதே!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கல. வீட்டுக்காரர் வேற வழியில்லாம எழுந்து, வேட்டியையும் கோபத்தையும் சேர்த்து மடிச்சுக் கட்டிக்கிட்டு, அடுப்பை அணைக்க வேகமா வந்தார்.

"ஓரமா வாங்க, மறைக்குது!"ன்னாங்க அக்கா.