காணாமல் போன சின்னக் கத்தரிக்கோல்

சலூன்காரர் விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. அதுவும் ஊழியத்துக்கு.

அவருடைய சபையிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு சின்னக் குழு வெளிநாட்டுச் சிறைக்குப் போய்வரும். அந்த நாட்டுக்கு வேலைக்குப் போய், எதிலாவது மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் நம் மொழிக்காரர்கள் அந்தச் சிறையில் ஒரு பகுதி முழுக்க இருந்தார்கள். போன தடவை போய்வந்த போதகர், "அவங்களுக்குப் பிரசங்கத்துக்கு முன்னால ஒரு நல்ல முடிவெட்டு வேணும்" என்று ஆராதனையில் சொன்னபோது, சபை மொத்தமும் திரும்பிச் சலூன்காரரைப் பார்த்தது. அவர் காது வரை சிவந்துபோனார். இத்தனை வருஷமாக நாற்காலி எடுத்துப் போடவும் ஸ்பீக்கர் தூக்கவும் மட்டும் கூப்பிட்ட சபை, முதல் முறையாக அவருடைய கைவேலைக்காகக் கூப்பிட்டது.

சலூனுக்கு ஒரு வாரம் பூட்டு. மச்சான் தன் கல்யாணக் கோட்டை இரவல் கொடுத்தான். "அழுக்காக்கிடாதீங்க மாமா, ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்கேன்" என்றான். கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளத்தது. இருந்தாலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது சலூன்காரருக்கே தன்னிடம் ஒரு மரியாதை வந்தது.

"சாட்சி கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும் பிரதர்" என்று போதகர் விமானத்தில் சொல்லியிருந்தார். சாட்சி என்றால் கெட்டுப்போயிருந்த பழைய வாழ்க்கையையும் ஆண்டவர் திருத்தியதையும் எல்லோர் முன்னாலும் சொல்வது. சலூன்காரர் இளவயதில் குடித்தவர்தான். ஆனால் சம்பள நாளில் நண்பர்களோடு குடித்துவிட்டு வாசலில் படுத்துக்கொள்கிற அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு எப்படி உருக்குவது? மேகத்துக்கு மேலே உட்கார்ந்து யோசித்து, வீட்டுப் பாத்திரத்தை விற்றதாகவும் மனைவியைக் கைநீட்டி அடித்ததாகவும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொண்டார். மனைவியின் மேல் அவர் விரல்கூடப் பட்டதில்லை. பட்டிருந்தால் விரல் இருந்திருக்காது.

சிறைக் கதவில் அவருடைய பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எண்ணி எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். சவரக்கத்தி கூடாது என்று முன்பே சொல்லிவிட்டதால் மிஷின், சீப்புகள், பெரிய கத்தரிக்கோல், காதோர முடிக்கும் மீசைக்குமான சின்னக் கத்தரிக்கோல், அவ்வளவுதான். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரிக்கு அம்மா வழியில் நம் மொழி தெரியும். "எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் வெளிய விடுவோம். ஒண்ணு குறைஞ்சாலும் உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். சலூன்காரர் வேகமாகத் தலையாட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உதவிக்கு ஒரு கைதியை நிறுத்தினார்கள். வெளியில் கொத்தனார் வேலை பார்த்தவன், முப்பதுக்குள் இருப்பான். தங்கியிருந்த அறையில் நடந்த அடிதடியில் ஒருவனுக்கு மண்டை உடைந்து இவன் உள்ளே வந்தானாம். அவனாகவே சொன்னான், சலூன்காரர் கேட்கவில்லை. அவன் முடியைப் பெருக்கினான், துண்டை உதறினான், வெட்டி முடித்த ஒவ்வொருவருக்கும் கண்ணாடியைப் பின்பக்கம் பிடித்துக் காட்டினான். ஒருவன் வழுக்கையைத் தடவி, "எனக்கு எதை வெட்டுவீங்க?" என்று கேட்டபோது, "அவருக்குப் பாலிஷ் போட்டு விடுங்கண்ணே" என்றான். கூடமே சிரித்தது.

"உனக்கு எப்போ தம்பி?"

"எல்லாரும் ஆகட்டும். எனக்குக் கடைசியா நல்லா வெட்டி விடுங்க. இந்த வாரம் வீட்டுக்கு வீடியோ கால் இருக்கு. பொண்ணு பொறந்து நான் இன்னும் பாக்கலை. முதல் தடவை பாக்கறப்போ திருடன் மாதிரி இருக்கக் கூடாது இல்ல?"

அவன் முறை வந்து வலது பக்கம் முடிந்து, இடது பக்கம் தொடங்குகிற நேரத்தில், கூடத்தின் முன்பக்கம் குழு பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. "பிரதர், வாங்க, சாட்சி" என்று போதகர் மைக்கில் கூப்பிட்டுவிட்டார். சலூன்காரர் பதறிப்போய், ஜன்னலில் தொங்கிய கோட்டை எடுத்து அவசர அவசரமாக மாட்டிக்கொண்டு ஓடினார்.

சாட்சி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. பாத்திரம் விற்ற இடத்தில் முன்வரிசையில் ஒருவன் கண்ணைத் துடைத்தான். அது தந்த தெம்பில் சலூன்காரர் குரலை உயர்த்தினார். "மறைச்சு வெச்ச தப்பு இருக்கே, அது பாறாங்கல்லு. வாயைத் திறந்து சொல்லிட்டா தோள் லேசாயிடும். நான் சொன்னேன். நீங்களும் சொல்லுங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டைக் கழற்றி மறுபடி ஜன்னலில் மாட்டிவிட்டு வந்தபோது, பாதித் தலையோடு காத்திருந்த கொத்தனார், "நல்லாப் பேசினீங்கண்ணே" என்றான். சலூன்காரர் பெட்டிக்குள் கைவிட்டார்.

சின்னக் கத்தரிக்கோலைக் காணோம்.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தார். துண்டை உதறினார். காவலர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த நிமிஷமே விசில் சத்தம். கைதிகள் எல்லோரும் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். அதிகாரி வந்து, "உங்க பெட்டிகிட்ட யார் இருந்தா?" என்று கேட்டார்.

எல்லோரும்தான் வந்து போனார்கள். அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சலூன்காரரின் விரல் தானாக உயர்ந்தது. "இந்தத் தம்பிதான் கூடவே இருந்தாரு." அதோடு, 'ஆனா அவரு எடுத்திருக்க மாட்டாரு' என்றும் சொல்ல நினைத்தார். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஏனென்றால் அந்த நேரம், எடுத்திருப்பானோ என்று அவருக்கும் தோன்றியது. மண்டையை உடைத்தவன்தானே.

கொத்தனாரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவன் திரும்பி, "அண்ணே, நான் இல்லண்ணே" என்றான். மற்றவர்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சற்று முன் கைதட்டியவர்கள் வெற்று முதுகோடு சுவரோரம் நிற்பதைப் பார்க்காமல் இருக்க, சலூன்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு தன் குழுவினரோடு அலுவலக அறைக்குள் நுழைந்துகொண்டார்.

அங்கே தேநீர் கொடுத்தார்கள். யாரும் குடிக்கவில்லை. "எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஜெபிப்போம்" என்றார் போதகர். குழுவில் பாடுகிற அக்கா, "ஆண்டவரே, மறைஞ்சிருக்கிறதை வெளிய கொண்டுவாரும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார். சலூன்காரரும் கண்ணை மூடினார். அப்போது கோட்டின் கீழ் விளிம்பில் ஏதோ கனமாக அவர் தொடையில் இடித்தது.

தொட்டுப் பார்த்தார். உட்பாக்கெட்டில் ஓட்டை. அதன் வழியாக நழுவிய சின்னக் கத்தரிக்கோல், லைனிங் துணிக்குள் இறங்கிக் கிடந்தது. கையில் இருந்ததை சாட்சிக்கு ஓடுகிற அவசரத்தில் பாக்கெட்டில் செருகியவர் அவரேதான்.

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். "ஐயா, மன்னிச்சிடுங்க, இங்க இருக்கு." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அதிகாரி என்ன நினைப்பார், போதகர் முகத்தை எப்படிப் பார்ப்பது, ஊருக்குப் போனால் சலூனில் உட்கார்ந்து எத்தனை பேர் சிரிப்பார்கள் என்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆமென் சொல்லி முடித்ததும், "மூக்குக் கண்ணாடியை அங்க விட்டுட்டேன்" என்று ஒரு காவலரோடு கூடத்துக்குத் திரும்பினார். நாற்காலியருகே குனிந்தார். கோட்டுக்குள் கையை விட்டு, லைனிங்கை விரலாலேயே கிழித்து, கத்தரிக்கோலை நாற்காலிக் காலுக்குப் பின்னால் நழுவவிட்டார்.

"கிடைச்சிருச்சு! ஸ்தோத்திரம்!"

அந்த ஸ்தோத்திரம் அவர் நினைத்துச் சொன்னதில்லை. பழக்கத்தில் வாயில் வந்தது. பிற்பாடு பல நாள் அவரைச் சுட்டது அந்த ஒரு சொல்தான்.

அதிகாரி கொத்தனாரோடு வந்தார். கீழே கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் முழுக்க அவன் மேல் திரும்பியது. "காலடியில கிடந்திருக்கு. நீ என்னத்தைப் பெருக்கின? உன்னால ஒரு பகுதியே அலைக்கழிஞ்சுது. இனி உனக்குக் கூடத்துல வேலை கிடையாது. இந்த வார வீடியோ காலும் கிடையாது, போ."

கொத்தனார் நாற்காலிக் காலைப் பார்த்தான். கத்தரிக்கோலைப் பார்த்தான். பிறகு சலூன்காரரின் கோட்டு விளிம்பில் வெளியே தொங்கிய கிழிந்த துணியைப் பார்த்தான்.

"சார், பாதித் தலையோட இருக்காரு. முடிச்சு விட்டுடறேன்" என்று சலூன்காரர் கெஞ்சினார். அதிகாரி கையசைத்தார். கொத்தனார் உட்கார்ந்தான். சலூன்காரர் மீதி முடியை வெட்டத் தொடங்கினார். காதோரம் வந்தபோது அவன் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்த இடத்தை ரெண்டு தடவை பெருக்கினேண்ணே" என்றான்.

சலூன்காரர் அந்தக் காதோரத்தை இன்னொரு தடவை சீராக்கினார். முடித்ததும் கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தார். அவன் பார்க்காமலே எழுந்து போய்விட்டான்.

வேனில் ஒரே கொண்டாட்டம். "ஜெபம் முடிஞ்ச உடனே ஆண்டவர் பிரதர் கண்ணைத் திறந்துட்டாரு பாத்தீங்களா! நான் அதே இடத்தைப் பாத்தேன், எனக்குத் தெரியலை" என்றார் அக்கா. போதகர் சலூன்காரரின் தோளைத் தட்டி, "ஞாயித்துக்கிழமை நீங்களே சபையில சொல்லணும்" என்றார். சலூன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் மனைவி கோட்டை விரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "என் தம்பி ஒரே ஒரு கோட்டு வெச்சிருந்தான். நாய் கடிச்ச மாதிரி கிழிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே, என்னங்க இது?"

சொல்லிவிட்டார். சலூன்காரர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தைப்பதற்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அந்தப் பையன் உங்களுக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை. கண்ணாடி பிடிச்சான்."

மனைவி நூலைக் கோத்துக் கோட்டைத் தைக்கத் தொடங்கினார். சாப்பாடு போட்டார், பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சலூன்காரருக்கு.

ஞாயிற்றுக்கிழமை போதகர் அவரை மேடைக்கு அழைத்தார். சிறைக்குள் நடந்த அற்புதம் என்று முன்னுரையும் கொடுத்துவிட்டார். சலூன்காரர் மைக்கைப் பிடித்து, "கத்தரிக்கோல் தொலையவே இல்லை" என்று ஆரம்பித்தார். அதையும் அற்புதத்தின் தொடக்கமாக நினைத்து இரண்டு மூன்று பேர் அல்லேலூயா சொன்னார்கள். "என் கோட்டுக்குள்ள இருந்துது. எனக்கே தெரிஞ்ச பிறகும் மறைச்சேன். நானே கீழ போட்டு நானே எடுத்தேன்." அல்லேலூயா நின்றது. கொத்தனாரைப் பற்றிச் சொன்னார், பார்க்காத குழந்தையைப் பற்றிச் சொன்னார். பாத்திரம் விற்றதும் மனைவியை அடித்ததும் பொய் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் பெண்கள் பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு கேட்டு உடனே அடங்கியது. அவர் மனைவி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

தோள் லேசாகவில்லை. "சரி பிரதர், உட்காருங்க" என்று சொல்லி, போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்ததும், "எங்கிட்ட முதல்ல தனியா சொல்லியிருக்கலாமே" என்றார் போதகர். குரலில் வருத்தமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

"சொல்லியிருக்கலாம் ஐயா. அங்கேயே சொல்லியிருக்கலாம்."

போதகர் நல்ல மனுஷன். அன்றைக்கே அந்த அதிகாரிக்கு நடந்ததை எழுதி அனுப்பினார். அங்கே வாராவாரம் சிறைக்குப் போய்வரும் ஊழியக்காரர் ஒருவரிடமும் விஷயத்தைச் சொல்லி, கொத்தனாரைப் பார்த்து சலூன்காரரின் மன்னிப்பைச் சொல்லச் சொன்னார்.

நாட்கள் போயின. சலூனில் சிலர் வழக்கம்போல வந்தார்கள். சபைக்காரர்களில் சிலர் வேறு கடைக்கு மாறினார்கள். தைத்துக் கொடுத்த கோட்டை மச்சான் வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல மாமா" என்றான். அவன் அப்படிச் சொன்னதே ஒரு குத்தலாகப் பட்டது அவருக்கு. இப்போதெல்லாம் எது நல்ல வார்த்தை, எது குத்தல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிருந்தது.

ஒரு மத்தியானம் அந்த ஊழியக்காரர் போன் செய்தார். கொத்தனாருக்குக் கூடத்து வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாம். தவறிப்போன வீடியோ கால் அடுத்த மாதம்தான் கிடைத்ததாம். குழந்தையைப் பார்த்துவிட்டானாம். அது தூங்கிக்கொண்டிருந்ததாம்.

"நான் சொல்லச் சொன்னது?"

"சொன்னேன் பிரதர். முழுக்கக் கேட்டுட்டு, 'சரி'ன்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலை."

வீட்டுக்குப் போனதும் சலூன்காரர் அதை மனைவியிடம் சொன்னார். மனைவி கேட்டார்: "மன்னிச்சேன்னு சொல்ற 'சரி'யா, இல்ல போய்த் தொலையட்டும்னு சொல்ற 'சரி'யா?"

"தெரியலையே."

"உங்களுக்கு அது தெரியாமத்தான் இருக்கணும்" என்றார் மனைவி. பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் அவர் உட்கார இடம் விட்டார்.