வெள்ளிக்கிழமை என்று பெயர் வெட்டிய அண்டா

எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தின் அண்டாவில் பெயர் வெட்டியிருக்க வேண்டிய இடத்தில் ‘வெள்ளிக்கிழமை’ என்று இருக்கும். ஊரில் எல்லோரும் பாத்திரத்தில் சீர் கொடுத்தவர் பெயரையோ கல்யாணத் தேதியையோதான் வெட்டுவார்கள். வெறும் கிழமையை வெட்டிய பாத்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து எங்கள் கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகளில் ஒருத்தியாவது அதைக் கழுவும்போது, “மேடம், இதுல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் சமைக்கணுமா?” என்று கேட்பாள். “கேள்வி கேக்காம தேய்டி” என்பேன். முழுக் கதையைச் சொன்னால் ஆலோசகர் என்று நான் கட்டிக்காக்கிற மரியாதை காற்றில் போய்விடும் என்ற பயம். சென்ற மாதம் நடந்ததற்குப் பிறகு அந்தப் பயம் விட்டுவிட்டது. சொல்லிவிடுகிறேன். அது என் முட்டாள்தனத்துக்கு வெட்டிய கல்வெட்டு.

அப்போது நான் ராமநாதபுரத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்; ஐக்கியத்தின் மாணவர் செயலாளரும் நானே. எந்தச் சபைப் பிள்ளையும் வரலாம், எந்தச் சபையும் எங்களுக்குச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதுதான் ஐக்கியத்தின் அடிப்படை. எங்களை நடத்தியவர் அக்கா. முழுநேர ஊழியர், என்னைப் போலவே புராட்டஸ்டண்டு, ஒரு பழைய மொபெட்டில் மண்டபம் ஊருக்கும் பரமக்குடிக்கும் அலைகிறவர். அவருக்குத் தோள் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டெய்லர் பாஸ்டர். பெந்தெகொஸ்தே சபைக்காரர், வாரம் முழுக்கத் தையல் மிஷின், ஞாயிறு பிரசங்கம். அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் வேதப் புத்தகமும் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியும் இருக்கும். இன்னொருவர் போஸ்ட்மாஸ்டர் அய்யா, ஓய்வு பெற்றவர், பிறவிக் கத்தோலிக்கர். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேசையில் முத்திரை குத்துவதுபோல் ஒரு குத்து. இவர்கள் இருவரும் சேர்ந்தால் சண்டைதான். “லெந்துன்னு வேதத்துல எங்கன இருக்கு, காட்டுங்கய்யா” என்று, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்டர் ஆரம்பிப்பார். “தையக் கூலி வாங்குறது எங்கன இருக்குன்னு நீங்க காட்டுங்க, நான் காட்டுறேன்” என்று அய்யா ஒரு குத்து குத்துவார். பிறகு இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

எங்களுக்கு இருந்த பெரிய குறை, ஆர்.சி. என்று நாங்கள் சொல்கிற கத்தோலிக்கப் பிள்ளைகள் யாரும் வராதது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆர்.சி.தான். அவர்கள் இல்லாமல் ஐக்கியம் என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வெட்கக்கேடு என்பார் அக்கா. அவர்கள் கோயிலின் பங்குச் சாமியாருக்கோ சந்தேகம், எங்கள் பிள்ளைகளைச் சபை மாற்றப் பார்க்கிறீர்களா என்று. அக்கா மூன்று வருடம் அவர் வாசலுக்கு நடந்தார். வெளியே போகச் சொன்னால் மறுவாரம் வந்து நிற்பார். கடைசியில் சாமியார் இறங்கி வந்தார். தவக்காலத்தில் பங்கு மண்டபத்திலேயே ஒரு நாள் கூட்டம் வையுங்கள், நானும் வந்து உட்காருகிறேன், பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார். அக்காவின் மூன்று வருட உழைப்பும் அந்த ஒரு நாளில் தொங்கியது. “சாப்பாட்ட மட்டும் நீ பாத்துக்கடி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊர் ஊராகப் பிள்ளைகளை அழைக்கப் போய்விட்டார்.

நான் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். கல்லூரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தது, மண்டபமும் காலியாக இருந்தது, நாளைக் குறித்தாயிற்று. சாமியாரே வருகிறார், தயிர்ச்சாதமா போடுவது என்று புதுமடம் பாயிடம் கோழிப் பிரியாணி சொன்னேன். எங்கள் வீட்டில் பெரிய வெள்ளி ஒன்றுக்குத்தான் கறி கிடையாது. லெந்தின் மற்ற வெள்ளிகளில் கறிக்குழம்பு கொதிக்கும். பாய்க்கோ வெள்ளிக்கிழமைதான் பிரியாணிக்கு ராசியான நாள். “ஜும்மாவுக்கு முந்தி எறக்கி வச்சுட்டுப் போயிருதேன் தாயி, அண்டாவ சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்று சொன்னபடியே வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். ஜெபம், பாட்டு, கலந்துரையாடல் எல்லாம் தேன்போல் நடந்தன. முக்காடு போட்ட ஆர்.சி. பிள்ளைகளும், காதில் கழுத்தில் ஒன்றும் அணியாத பெந்தெகொஸ்தே பிள்ளைகளும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் முகத்தில் சிரிப்புகூட வந்துவிட்டது. பந்திக்கு எல்லோரும் உட்கார்ந்தபின் நான் பெருமையாக மூடியைத் திறந்தேன். வாசனை மண்டபத்தை நிறைத்தது. தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இது கறி. இன்னைக்குத் தவக்கால வெள்ளி, நாங்க கறி தொட மாட்டோம்.”

சட்டென்று மூடியைத் திரும்பப் போட்டேன். ஆர்.சி. பிள்ளைகள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் அக்காவிடம் ஓடி, “அவங்களுக்கு மட்டும் தயிர்ச்சாதம் வாங்கியாந்துருவோம், மத்தவங்க இதச் சாப்பிடட்டும்” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் சுடுகிறது. “ஒரே பந்தியில ரெண்டு சோறு போட்டா, அடுத்த வாரம் ரெண்டு கூட்டந்தான்டி.” சாமியார் நல்ல மனிதர். தெரியாமல் நடந்துவிட்டது, நான் விலக்குத் தருகிறேன், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று அவரே எழுந்து சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அக்கா தலையை ஆட்டிவிட்டார். “வேண்டாம் சாமி. நீங்க தருவீங்க. ஐக்கியத்துக்குப் போனா வெள்ளிக்கிழமை கறி திங்க வைக்காங்கன்னு நாளைக்குப் பாம்பன்ல பேசுவாங்க. ஒரு தாயும் புள்ளய அனுப்ப மாட்டா. இது எங்க தப்பு, நாங்க சரி பண்றோம்.” பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்: “இன்னைக்கு இந்த மண்டபத்துல யாருமே கறி சாப்பிடப் போறதில்ல.”

எல்லோர் கண்ணும் டெய்லர் பாஸ்டர் பக்கம் திரும்பியது. மனிதர் சம்மதிப்பாரா? லெந்து மனிதர் கட்டின முறை என்று பல வருடமாகப் பிரசங்கிக்கிறவர். அவர் சபைப் பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் பந்தி அங்கேயே இரண்டாகியிருக்கும். அவர் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். “எனக்கு லெந்து கிடையாது” என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. “ஆனா இன்னைக்கு எனக்குக் கறியும் கிடையாது” என்று சொல்லிவிட்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். “என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீக? அந்தக் காதப் பிடிங்க.” போஸ்ட்மாஸ்டர் அய்யா மறு காதைப் பிடித்தார். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்து கிடக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று வாசலில் நின்ற லோடு ஆட்டோவை நோக்கி நடந்தார்கள். பங்குனி வெயில், நல்ல பாரம். நடுவழியில் அய்யாவுக்கு மூச்சு வாங்கியது. “எறக்கி வச்சுக்கிருவமா பாஸ்டர்?” என்றார். “வேண்டாம், தூக்குங்க.”

அதற்குள் அக்கா மண்டபத்து அடுக்களையில் ரவை உப்புமா கிண்டத் தொடங்கியிருந்தார். ஊழியத்தில் கெட்டிக்காரர், சமையலில் சுத்த மோசம். கட்டி கட்டியாக வந்தது. அத்தனை பேரும் அதையே சாப்பிட்டோம். சாமியார் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அந்த உப்புமாவை அப்படிக் கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான். கை கழுவிவிட்டு அக்காவிடம் வந்து, “எங்க புள்ளைக இனிமே வரும்மா. உப்புமா மட்டும் வேண்டாம்” என்றார். மூன்று வருடம் அசையாமல் நின்ற அக்கா அப்போதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாயங்காலம் அண்டா எடுக்க வந்த பாய் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “நோம்பு நாளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கறி போடாம ஆக்கித் தந்திருப்பேனே தாயி!” அவருக்கு என்மேல் கோபம்; நியாயமான கோபம்.

பிறகு சொந்தமாக ஒரு அண்டா வாங்கினோம். பாத்திரக் கடையில் என்ன பெயர் வெட்ட என்று கேட்டதும் மறுபடி சண்டை. பாஸ்டர் ஒரு வசனம் வேண்டும் என்றார்; அய்யா மாதா பெயர் என்றார். அக்கா என்னைக் கையால் காட்டி, “இவ மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைன்னு வெட்டுங்க” என்றார். கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

அக்கா இப்போது மூட்டு வலியோடு தங்கை வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் போன் செய்து என்னை அதட்டுகிறார். டெய்லர் பாஸ்டர் சென்ற மாதம் காலமானார். ஆறுதல் கூட்டம் தவக்கால வெள்ளியொன்றில் வந்தது. அவர் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஆட்டுக்கறிக்குச் சொல்ல இருந்தார்கள். அது அவர்கள் வீடு, அவர்கள் சபை. பாஸ்டரின் மனைவிதான் உள்ளேயிருந்து வந்து, “கறி வேண்டாம். ஐக்கியத்துப் புள்ளைக வரும், போஸ்ட்மாஸ்டர் அய்யா வருவாக. எல்லாருக்கும் ஒரே சோறு” என்றார். “நம்ம சபையில ஏது லெந்து?” என்று கொழுந்தன் முறைக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். அந்த அம்மா சத்தம் போடவில்லை. “நமக்கு லெந்து கிடையாதுதான். இன்னைக்குக் கறியும் கிடையாது” என்றார்.

எங்கள் அண்டாவில் சாம்பார் சாதம் வெந்தது. கொல்லையிலிருந்து பந்தலுக்குத் தூக்க வேண்டும். வாட்டசாட்டமான பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். போஸ்ட்மாஸ்டர் அய்யா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஒரு காதைப் பிடித்தார். இந்த வயதில் வேண்டாம்யா என்று எல்லோரும் கத்தினோம், கேட்டால்தானே. மறு காதைப் பார்த்தபடி நின்றார். யார் கையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் போய் அதைப் பிடித்தேன். வெட்டிய எழுத்து என் பக்கம் இருந்தது. பாதி தூரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“எறக்கி வச்சுக்கிருவமாய்யா?” என்றேன்.

“வேண்டாம்” என்றார். “தூக்கு.”