இருவருக்கும் உரிய சொல்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம்.

அண்ணன் பிறந்தது மட்டாஞ்சேரியில்தான். சங்கரன்கோவில் பக்கமிருந்து மாநகராட்சி வேலைக்கு வந்த அப்பாவுக்கு மூத்த பிள்ளை. அப்பா இறந்ததும் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கினால் சாக்கடை ஓடையில் இறங்கி அடைப்பெடுப்பவர் அவர். அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகு, அவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, சாயா கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் வேலைக்குக் கிளம்புவார். வகிடு மட்டும் எப்போதும் கோணல். "ஊரு ஓடையெல்லாம் நேராக்குற ஆளு, இத நேராக்க மாட்டேங்குறாரு" என்பார் அண்ணி. அண்ணன் சிரித்துக்கொண்டே கலைத்து மறுபடி வாருவார். அப்படி ஒரு காலையில்தான், சீப்பும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருத்துவமனை சேருமுன் போய்விட்டார். அந்தக் காலைக்குப் பிறகு, என் மகள் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் மலரில் ஓர் ஆங்கிலப் பக்கமும் வைத்தோம். அதை எழுதிய என் மகள், மாமாவின் படத்துக்குக் கீழே 'டிவோட்டட் ஹஸ்பண்ட்' என்று போட்டிருந்தாள். இரங்கல் செய்திகளில் வழக்கமாக வருவதுதான். அண்ணி பொருள் கேட்டார். அன்பு மாறாமல், தன்னையே கொடுத்துக் கூட நிற்பவர் என்று மகள் விளக்கினாள். முடியாமல் கிடக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவரை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அண்ணி இடக்கையால் அந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்தார்.

"ஓடையில இறங்கிட்டு வர்ற மனுசனுக்கு வென்னி வச்சு, முதுகுல சோப்பு போட்டு வீட்டுக்குள்ள ஏத்தினது யாரு மோளே? அந்த நாத்தத்துக்கு ஒருநாள் நான் மூக்கப் பொத்தியிருப்பனா? அவருக்கு அந்த வார்த்தைன்னா, நான் என்ன, பாரமா?"

மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்தும் அதச் சொல்லுவாங்க அத்தே. மாத்திடறேன்."

பக்கம் அச்சுக்குத் தயாராகிவிட்டதே, இனி எதற்கு என்றார்கள் சிலர். மாற்றாமல் அச்சேறாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அப்படி இருந்தார்கள் என்றுதான் இப்போது அங்கே இருக்கிறது.

அண்ணியை ஆலுவாவில் ஒரு காப்பகத்தில் சேர்க்கலாம் என்று அக்கறையோடு சொன்னவர்களிடமும் முடியாது என்றுதான் சொன்னேன். அவர் என் வீட்டில்தான் இருப்பார். வகிடு இப்போது நான் எடுக்கிறேன். உன் அண்ணனே தேவலை என்கிறார்.

அன்று அண்ணனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்த பக்கத்து வீட்டுச் சேட்டனுக்கும், அண்ணனோடு ஓடையில் இறங்கிய தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை தோப்பும்படியிலிருந்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்த குடும்பத்துக்கும் நன்றி சொல்லி முடியாது.

வீட்டுக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என்னிடம் விசாரிக்காதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அவரிடமே கேளுங்கள்.