பெட்டியிலிருந்து எடுத்துவைத்த கண்ணாடி

சுடுமண் கம்மல் செய்வது என் தொழில். பழனியில் ஒருநாள் கைவினைச் சந்தை. முதன்முறையாக அங்கே கடை போடுவதற்கு, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நானும் கணவரும் ஒவ்வொரு ஜோடியாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். அவர் தன் சவரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்தார்.

"இது எதுக்குங்க? அந்த எடத்துல இன்னும் பத்து ஜோடி வைக்கலாம்" என்று எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

சந்தைக்கு நான் மட்டும் போயிருந்தேன். பக்கத்துக் கடையிலும் சுடுமண் கம்மல்தான். என் டிசைன்களை அந்தப் பெண் பார்த்துவிடுவாளோ என்று, நடுவில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். என்னிடம் வந்தவர்களோ கம்மலைக் காதருகே பிடித்துக்கொண்டு, "கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மதியம்வரை ஒன்றுகூட விற்கவில்லை.

பக்கத்துக் கடைப் பெண் தன் கண்ணாடியைத் தூக்கி இரண்டு கடைக்கும் நடுவில் வைத்தாள்.

"அந்தத் துண்டச் செத்த ஒதுக்குக்கா. வாரவங்க ரெண்டு பக்கமும் பாக்கட்டும்."

என் கம்மலை வைத்துப் பார்த்த ஒருவரிடம், "ஒங்க மொகத்துக்கு எடுப்பா இருக்குங்க" என்று வேறு சொன்னாள்.

அவள் கண்ணாடியை மறந்து வந்திருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். துண்டை அவிழ்க்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை.

இப்போதெல்லாம் பெட்டியில் முதலில் கண்ணாடிகளைத்தான் வைக்கிறேன்.

"ரெண்டு எதுக்கு?" என்று கணவர் கேட்டார்.

"பக்கத்துக் கடைக்கு" என்றேன். துண்டு கட்டியதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.