ரிப்பேருக்குப் போன சைக்கிள்

நல்லேப்பிள்ளியில் பால் சொசைட்டி வேலைக்குத் தினமும் சைக்கிளில் போய் வந்தவள் நான். போன வருடம் டெம்போ மோதித் தொடை எலும்பு முறிந்தது. மறுபடி ஓட்டும் ஆசையில்தான் எட்டு மாதம் வலியைப் பொறுத்துப் பயிற்சி செய்தேன். தினமும் என் காலை மடக்கி நீட்டிவிட்டவர் என் கணவர். சைக்கிள் கொழிஞ்சாம்பாறைக் கடைக்கு ரிப்பேருக்குப் போயிருப்பதாகச் சொல்வார்.

நடக்க முடிந்ததும் நானே பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன்.

"அதை அப்பவே வித்துட்டாருங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து, "ஏனுங்க, எதுக்கு மறைச்சீங்க?" என்றேன்.

"உன்னைய நடக்க வெக்கத்தான் அப்படிச் சொன்னேன். மறுபடி உளுந்தா யாரு பாக்கறது?" என்றார்.

எலும்பு முறிந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கி ஓட்டுகிறேன். மேட்டில் இறங்கித் தள்ளுகிறேன். கிளம்பும்போது அவரிடம் சொல்கிறேன். போகட்டுமா என்று கேட்பதில்லை.