மூக்கு லாரியும் பட்டு பாதமும்

முசரவாக்கத்திலிருந்து செய்தி வந்தபோது நான் சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலோரம் வண்டியை நிறுத்தி டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஏசுபாதத்தின் மகள் ரெபேக்கா. "மாமா, அப்பா பூட்டாரு. டீ குடிச்சாரு, கிளாஸ கீழ வச்சாரு, அவ்ளோதான்" என்றாள். ஆறு டயரையும் இன்னொரு முறை தட்டினேன். ஆறும் நன்றாகத்தான் இருந்தன.

சாயங்காலத்துக்குள் சுவரொட்டி வந்துவிட்டது. 'பட்டு மெக்கானிக் ஏசுபாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். டீசலும் கிரீஸும் பூசிய மனிதருக்குப் பட்டு என்று ஏன் பெயர் வந்தது என்று புதிதாக வந்த டிரைவர்கள் கேட்கிறார்கள். நானே இதற்கு மூன்று கதைகள் சொல்லியிருக்கிறேன். மூன்றும் நன்றாகவே இருக்கும். இன்று நான்காவதைச் சொல்கிறேன். நம் லாரி நண்பர்கள் வெளியிடும் இந்த நினைவுத் தாளில் எழுத என்னைவிடத் தகுந்த ஆள் காஞ்சிபுரத்தில் இல்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பு என்னை எவ்வளவோ அழைத்தது, நான்தான் போகவில்லை. எழுத்துப் பிழைகளை என் மனைவி சரசு திருத்துகிறாள். கணக்குப் பிழைகளையும் திருத்துவேன் என்கிறாள்.

ஏசுபாதத்தை, எங்களுக்கெல்லாம் வெறும் பாதம், நான் முதலில் பார்த்தது தென்னேரி ஏரிக்கரையில். என் லாரி, என்ஜின் முன்னால் மூக்குபோல நீண்டிருக்கும் பழைய மூக்கு லாரி, செங்கல் லோடோடு நின்றுவிட்டது. இருபதாயிரம் செங்கல். (சரசு அதை அடித்துவிட்டு நாலாயிரம் என்று எழுதியிருக்கிறாள்.) யாரோ சொல்லி சைக்கிளில் வந்தார். என்ன கோளாறு என்று நான் அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன். அவர் கரையில் குந்திக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "ஆச்சா மொதலாளி? இப்ப கொஞ்சம் வண்டிய பேச வுடு" என்றார். காதை பானெட்டில் வைத்தார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து என் வண்டியில் வேறு ஒருவரும் கை வைத்ததில்லை.

அவர் பேசுவது குறைவு. ஆனால் என் பேச்சை ரசிப்பார். வேலூர் மலையிறங்கும்போது பிரேக் இல்லாமல் நான் வண்டியைத் தடுத்து நிறுத்திய கதையை எத்தனை முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். கேட்டுவிட்டு ஒன்று சொல்வார்: "கதையில எவ்ளோ வேணா வுடு மொதலாளி. போல்ட்டுல மட்டும் வுடாத." இதை அவர் வாயால் கேட்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் போல்ட்டில் விட்டவன். பதினோரு வருடம் முன்பு ஒரு நாள், "எண்ணெய் பாத்தியா?" என்று சரசு கேட்டாள். "பாத்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை. வாலாஜாபாத் தாண்டுவதற்குள் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் போட்டோம். அந்த வண்டியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. சரசுவின் தறி வருமானம் தனியாகப் போதாது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். தறியை விட்டு இறங்கி வந்து, பாதத்தை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"என்ஜின சரி பண்ணு, வேணாங்கல. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி உறுமணும். ஆனா இந்த வண்டி விசயத்துல இன்னொரு பொய் வந்துச்சின்னு வச்சிக்கோ, ஓடுற வண்டியா இருந்தாலும் காதர் பாய்கிட்ட குடுத்துடுவேன்."

காதர் பாய் காயலான் கடைக்காரர். லாரியைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்கு எடுப்பவர். அவரையும் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள். வண்டி ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அவள் பெயர்.

என்ஜின் கழற்றிப் பட்டறைக்குப் போய், உள்ளே எல்லாம் புதிதாகி, பச்சைப் பெயிண்ட் அடித்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஒர்க்ஷாப்பில் இடம் கிடைக்கவில்லை என்பதால்தான் வீட்டிலேயே ஏற்ற முடிவு செய்தோம். தெருவில் நான், "ஒர்க்ஷாப் எதுக்கு, நானும் பாதமும் போதும்" என்று சொல்லி வைத்திருந்தேன். என்ஜினில் ஐந்து வாய்கள் திறந்திருந்தன. காற்று போக, புகை வர, தண்ணீர் போக, தண்ணீர் வர, எண்ணெய்க்கு ஒன்று. தூசி போகாமல் அடைக்கக் கழிவுநூல் கேட்டார் பாதம். பருத்திக் கழிவு கேட்டார். நம் தெருவில் பருத்தியா? சரசுவின் தறியடியில் விழுந்த அரக்குப் பட்டு இழைகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்தேன். பாதம் சிரித்துவிட்டு ஒவ்வொரு கொத்திலும் ஒரு வெள்ளை நூலைக் கட்டினார். "வால் வெளிய தொங்கணும் மொதலாளி. எண்ணி எடுக்கறதுக்கு. வால் இல்லாத அடைப்பு இருந்தா என்ஜின் செத்துடும்" என்றார். மறுநாள் நான் என்ஜினுக்கு மாலை போட்டுப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலையில் வேலையைத் தொடங்க முடியவில்லை. தெருவில் சேலை நெசவுக்கான பாவு நீட்டியிருந்தார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மஞ்சள் பட்டு இழைகள். அதைச் சுருட்டும்வரை எங்கள் தெருவில் வண்டி ஓடாது, அடுப்புப் புகைகூட வெளியே வராது. பாதம் அவர்களோடு போய் நின்று அறுந்த இழைகளை எடுத்துக் கொடுத்தார். பாவு சுருட்டிய பிறகு மூன்று சவுக்குக் கம்பங்களை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கினோம். ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். (சரசு: நாற்பது.) வண்டியின் மூக்கைத் திறந்து, ரேடியேட்டரைக் கழற்றி வைத்திருந்தோம். நான் சங்கிலியை இழுக்க, பாதம் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஒரு கண்ணி... இன்னும் அர கண்ணி... நிறுத்துபா!" என்று குரல் கொடுத்தார். கியர் பாக்ஸ் தண்டு கிளட்சுக்குள் சலக் என்று போய் உட்கார்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எண்ணெயைச் சரசுவின் கண்ணெதிரே ஊற்றச் சொன்னார் பாதம். "சாட்சி வேணும்ல" என்றார். சரசு முதல் முறையாகச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பாவு சுருட்டியதும் காதர் பாய் வந்துவிட்டார். அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு டீ. செல்ஃப் அடித்தோம். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று நிற்கிறதோ என்று மூன்று முறை பம்ப் அடித்து எடுத்தோம். பிடிக்கவில்லை. பாய்க்கு இரண்டாவது டீ. "அவசரமில்ல கந்தசாமி, நிதானமா பாரு. எனக்கு இன்னிக்கு வேற வேலயில்ல" என்றார் அந்த நல்ல மனிதர்.

இதுவரை எழுதியதைச் சரசு படித்துத் திருத்திவிட்டாள். இனி வருவதைத் தனித் தாளில் எழுதுகிறேன்.

பாதம் காற்றுக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். கை இழுபடவில்லை. "வண்டி மூச்சே வுடல" என்றார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மெதுவாகக் கேட்டார்: "மொதலாளி, எத்தினி வால் இழுத்த?"

குழாய்களை மாட்டும் முன் அடைப்புகளை எடுத்தவன் நான்; முந்தின நாளும் அவர் இதைக் கேட்டிருந்தார். அஞ்சு என்று சொல்லியிருந்தேன். எண்ணவில்லை. படம் எடுத்தபோது வெள்ளை வால்கள் பச்சைப் பெயிண்டில் அசிங்கமாகத் தெரிந்தன என்று நான்தான் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டிருந்தேன்.

இப்போதுதான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். "நாலு" என்றேன்.

அவர் குழாயைக் கழற்றினார். ஆழத்தில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. கம்பியை வளைத்து இழுத்தார். முழுக் கொத்தும் வந்தது. ஓர் இழைகூட என்ஜினுக்குள் போகவில்லை என்று விளக்கடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது. பாய்க்கு மூன்றாவது டீ.

சரசு படியிறங்கி வந்தாள். "இன்னாபா அது? யாரு வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் பாதம் கொத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நான்தாம்மா. அடச்சவன் எடுக்க மறந்துட்டேன். வயசாவுதில்ல."

தெருவே சிரித்தது. "மெக்கானிக்குக்குப் பட்டு கேக்குதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். குழாயை மாட்டிச் செல்ஃப் அடித்ததும் வண்டி ஒரே அடியில் கிளம்பி உறுமியது. காதர் பாய் எழுந்து நின்று கை தட்டினார். சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் பட்டு பாதம். என்ஜினுக்குள் துணியை விட்டுத் தைத்த டாக்டர் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர் தன் கையாலேயே டூல் பெட்டியில் 'பட்டு' என்று பெயிண்டால் எழுதிக்கொண்டார். ஒரு நாள் பொறுக்காமல் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அந்தம்மா சொன்னா செய்வாங்க. உன் வண்டி போயிருக்கும். எம் பேரு எங்க போவுது, பெட்டியிலயே எழுதி வச்சிக்கினேன்" என்றார். போல்ட்டில் பொய் சொல்லாத மனிதர் சொன்ன ஒரே பொய் அது. அதில்தான் என் வீடு பதினோரு வருடம் சாப்பிட்டது. என் மகள் நர்சிங் படித்து முடித்ததும் அதில்தான்.

முசரவாக்கத்தில் அடக்கம் முடிந்ததும் ரெபேக்கா அந்த டூல் பெட்டியைத் திறந்து என் கையில் ஒன்றைக் கொடுத்தாள். அரக்குப் பட்டுக் கொத்து. கொஞ்சம் வெளுத்திருந்தது. "எங்கப்பா ஆயுசுக்கும் மறந்தது இது ஒண்ணுதான் மாமா. உங்க வண்டியோடதாச்சே, நீங்களே வச்சிக்கோங்க" என்றாள். நாள் முழுக்கப் பேசியே வாழ்ந்த எனக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன். ரெபேக்கா, உன் அப்பா எதையும் மறக்கவில்லை. மறந்தவன் நான். அவரைத் தெரிந்த எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனித் தாளையும் சரசுவிடம் கொடுத்தேன். காதர் பாய்க்குக் கொடுப்பதானால் கொடுக்கட்டும் என்று ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டு முறை படித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. பிறகு தறிக்குப் போய் வெள்ளை நூல் கொஞ்சம் அறுத்துக்கொண்டு வந்தாள். கொத்தில் இருந்த பழைய வால் இற்றுப் போயிருந்தது. புதிதாக ஒன்றைக் கட்டினாள், நீளமாக.

"எதுனா ஒரு எடத்துல மாட்டு. நல்லா வெளிய தெரியற மாரி" என்றாள்.

கியர் கம்பியில் கட்டியிருக்கிறேன். வண்டி ஓடும்போது அந்த வெள்ளை வால் ஆடிக்கொண்டே இருக்கிறது. யார் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். கூட்டியோ குறைத்தோ சொல்வதில்லை. சரி, காதர் பாய்க்கு மட்டும் டீ நாலு ஆகியிருக்கிறது.