மூடி வைத்த சோறு

இந்தக் கரும்புத் தீவின் வஹியாவா ஊரில் பட்டாளத்து முகாமை ஒட்டிய சலவைக் கடையில் நானும் யோங்னே அக்காவும் பதினேழு ஆண்டுகள் எதிரெதிரே நின்று சிப்பாய்களின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டோம். கொரியாவிலிருந்து போட்டோவை மட்டும் பார்த்துக் கல்யாணத்துக்குச் சம்மதித்துக் கப்பலேறியவள் அவள்.

"துறைமுகத்துல ஒரு கிழவர் நின்னாரு. மாமனார்னு நினைச்சு கும்பிட்டேன்டி. அவர்தான் மாப்பிள்ளை" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கிழவரும் கரும்புக் காட்டிலேயே போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது மகன் இன்ஹோ ஒருவன். இந்த நாட்டுச் சிப்பாயாக, அம்மா பிறந்த மண்ணுக்கே சண்டைக்குப் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷக் குளிரில் காணாமல் போனான்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் முதல் சோற்றைப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, மூடி, கம்பளியில் சுற்றி வைப்பாள். வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு எங்கள் கொரியப் பெண்கள் செய்வது அது. இங்கே சோறு சூடாக இருந்தால் அங்கே அவன் வயிறு காயாது.

ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் நான் கரண்டியை அந்தச் சோற்றில் நட்டு வைத்துவிட்டேன். செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும் செய்கிற காரியம். அக்கா கரண்டியைப் பிடுங்கினாள், சோற்றைக் கொட்டினாள், புதிதாக உலை வைத்தாள்.

நம்மவர்களின் முதல் கப்பல் இந்தத் தீவுக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆனதற்குச் சர்ச்சில் விழா எடுத்தார்கள். போரில் இறந்த பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க இன்ஹோவின் பெயரையும் கேட்டார் பாதிரியாரின் மனைவி.

"அக்கா, உங்களுக்கும் மேடையில நாற்காலி போடறோம். எவ்வளவு பாடுபட்டிருக்கீங்க."

"நாற்காலி எதுக்கும்மா? நின்னே பழக்கம். உயிரோட இருக்கறவன் பேரை அந்த லிஸ்ட்டுல படிச்சா, திரும்பி வந்ததும் உன்னைத்தான் கேட்பான்."

விழாவன்று ஊரே பட்டுடுத்திச் சர்ச்சுக்குப் போனது. அவள் மட்டும் கடையில் தனியாகச் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவர்களின் சட்டை மடிப்பு எங்கள் இஸ்திரிதான். சிப்பாய்கள் கழுத்தில் தொங்கவிடும் தகடு ஒன்றை மேஜைமேல் வைத்தார்கள். அதில் அவன் பெயர். எலும்புகளும் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் அக்கா கம்பளியைப் பிரித்தாள். மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது.

"கரண்டி குடுடி."

நான் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "வேண்டாம்க்கா."

"நாலு வருஷமா ஆறவே விடல. பாவம், எத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தானோ, நான் படைப்பேன்னு. குடு."

தந்தேன். அவளே அதைச் சோற்றின் நடுவில் நட்டாள். பிறகு மூடியைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்தாள். ஆவி அடங்கும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.